இடையில் வரும் படங்களை யார் வரைவது?

மட்டக்களப்பில் கல்யாண வீடியோ எடிற்றிங் செய்து பிழைக்கிற ஆள் நான். முகூர்த்த மாதங்களில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற தொழில் இது. அண்மையில் கல்லடிப் பக்கமிருந்து ஒரு தம்பி வேலை பழக வந்தான், ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் சும்மா இருக்க ஏலாதாம். முதல் நாள் அவனுக்குக் காட்டியது, அழைப்பிதழ் வீடியோவில் மணப்பெண்ணின் பெயர் இடது ஓரத்திலிருந்து நகர்ந்து நடுவுக்கு வருகிற அந்தச் சின்ன வேலை. முதல் செக்கனில் பெயரை இடப்பக்கம் வைத்து ஒரு குறி போட்டேன், மூன்றாவது செக்கனில் அதை நடுவுக்கு இழுத்து இன்னொரு குறி. ஓடவிட்டேன். பெயர் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, நடுவுல நீங்க ஒண்டுமே செய்யல்லையே. அப்ப நடுவுல நிண்ட பேரை ஆரு வைச்சது?"

பத்து வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை இந்தக் குறியைப் போடுகிறேன், எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. அவனுக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதற்குள் ஒரு ஓவியரின் கதையும் இருக்கிறது, உண்மையில் அந்த ஓவியருக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அடிப்படை. திரைப்படம் என்பது செக்கனுக்கு 24 நிலைப்படங்கள். கார்ட்டூனில் அந்த ஒவ்வொரு படத்தையும் யாராவது வரைந்தாக வேண்டும். 11 நிமிடப் படம் என்றால் 15,840 கட்டங்கள். ஒரே ஓவியத்தை இரண்டு கட்டங்களுக்கு வைத்து ஓட்டுகிற பழக்கம் உண்டு, அப்படிப் பார்த்தாலும் 7,920 ஓவியங்கள். ஒரு மனிதன் எத்தனை நாள் குனிந்து இருப்பான்?

டிஸ்னி போன்ற பெரிய கூடங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. தலைமை ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார்: கை மேலே போன நிலை, கை கீழே வந்த நிலை. இவைதான் கீஃப்ரேம். இரண்டுக்கும் நடுவில் வருகிற படங்களை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். வீடு கட்டுகிற இடத்தில் நின்றவர்களுக்கு இது உடனே விளங்கும். மேசன் சுவரின் இரண்டு மூலையிலும் கல்லை வைத்து, குண்டுபிடித்துப் பார்த்து, ஒரு நூலை இழுத்துக் கட்டிவிட்டுப் போய்விடுவார். நடுவில் உள்ள கல்லைக் கையாள் அந்த நூலைப் பார்த்து அடுக்குவான். மூலைக்கல் வைக்கக் கண் வேண்டும், நடுக்கல் வைக்கப் பொறுமை போதும். (கையாள்மார் கோபிக்க வேண்டாம், நானும் ஒரு மூன்று மாதம் சீமெந்து குழைத்தவன்தான்.)

1969இல் நெஸ்டர் பர்ட்னிக் என்ற கனடாப் பொறியியலாளர், டிஸ்னியில் வேலை செய்த ஒருவர் இந்த முறையை விளக்கிப் பேசுவதை ஒரு மாநாட்டில் கேட்டார். ஒட்டாவாவில் இருக்கிற தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் கொம்பியூட்டர் வரைகலையில் இருந்தவர் அவர். கேட்டதும் அவருக்குத் தோன்றியது, அந்த நடுக்கல் அடுக்குகிற வேலையைக் கொம்பியூட்டர் செய்யலாமே என்பதுதான். திரும்பிப் போய் அதற்கு ஒரு புரோகிராம் எழுதினார். அவரோடு மார்செலி வைன் என்ற சக ஆராய்ச்சியாளரும் சேர்ந்துகொண்டார். இன்றைக்கு உங்கள் போனில் உள்ள எடிற்றிங் அப்பில் அந்தச் சின்ன டயமன் குறியைத் தட்டுகிறீர்களே, அது இவர்கள் கட்டிய நூல்.

சரி, கொம்பியூட்டர் எப்படி நடுவை நிரப்புகிறது?

கொம்பியூட்டருக்குப் படம் தெரியாது, எண்கள்தான் தெரியும். ஒரு கோட்டை வரைந்தால் அது அதற்குப் புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு புள்ளிக்கும் இடமிருந்து எவ்வளவு, கீழிருந்து எவ்வளவு என்று இரண்டு எண்கள். முதல் படத்தில் தோணியின் மூக்கு 20இல் இருக்கிறது, இரண்டாவது படத்தில் 60இல் இருக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 40. நடுவில் மூன்று படம் வேண்டும் என்றால் நாலு பங்காகப் பிரி. 20, 30, 40, 50, 60. இவ்வளவுதான், முடிந்தது. தோணியின் எல்லாப் புள்ளிக்கும் இதே கணக்கைச் செய்தால் தோணி நகரும். ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கணக்கு, ஆனால் ஒரு படத்தில் ஆயிரம் புள்ளி இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை அழுதுவிடும், கொம்பியூட்டர் அழாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் படத்தில் ஒரு தோணியும் இரண்டாவது படத்தில் ஒரு மீனும் இருந்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது, அதாவது கொம்பியூட்டர் மறுக்காது. தோணியின் முதல் கோட்டை மீனின் முதல் கோட்டோடு சேர்க்கும், இரண்டாவதை இரண்டாவதோடு சேர்க்கும், நடுவில் பாதித் தோணி பாதி மீனாக ஏதோ ஒன்றை வரைந்து தரும். எந்தக் கோட்டை முதலில் வரைந்தீர்கள், எதை அடுத்து வரைந்தீர்கள் என்ற வரிசையைத்தான் அந்தக் கால முறை பார்த்தது. பாய்மரத்தை முதலில் வரைந்து, மறுபடத்தில் வாலை முதலில் வரைந்தால், பாய்மரம் வாலாகும். அதற்கு ஆச்சரியமும் இல்லை வெட்கமும் இல்லை.

இந்த இடத்தில்தான் பீட்டர் ஃபோல்டெஸ் வருகிறார்.

1924இல் புடாபெஸ்டில் பிறந்தவர். (எங்கள் கல்லடிப் பழைய பாலத்தின் வயதுதான்.) 1946இல் இங்கிலாந்து போய், லண்டனில் ஓவியம் படித்து, ஓவியராகத் தொடங்கி, பிறகு மனைவி ஜோனோடு சேர்ந்து கார்ட்டூன் படங்கள் செய்தார். 1956இல் இருவரும் செய்த 'எ ஷோர்ட் விஷன்' அணுகுண்டைப் பற்றியது. ஒரு பொருள் இரவில் ஊருக்கு மேலே பறந்து வருகிறது, விலங்குகள் நிமிர்ந்து பார்க்கின்றன, மனிதர்கள் பார்க்கிறார்கள், பிறகு அந்த முகங்கள் உருகி எலும்பாகின்றன. அமெரிக்காவில் எட் சலிவன் என்பவரின் நிகழ்ச்சி என்றால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிற பாட்டும் பகிடியும். அதில், 1956 மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இதைப் போட்டார்கள். பார்த்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள் என்பது பத்திரிகைகளில் ஏறிய செய்தி.

கொம்பியூட்டர் அவர் கைக்கு வருவதற்குப் பதினைந்து வருடம் முன்னாலேயே, ஒரு முகம் இன்னொன்றாக மாறுகிற அந்தக் கணம் இந்த மனிதரைப் பிடித்து வைத்திருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கையால் வரைகிறவனுக்கு அது பெரிய தண்டனை. முகமும் தெரிய வேண்டும் எலும்பும் தெரிய வேண்டும், அப்படி இரண்டும் இல்லாத நடுப்படங்களை ஒன்றொன்றாக யோசித்து வரைய வேண்டும். பிற்காலத்தில் பாரிஸில் இருந்தவர், கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் வழியாக ஒட்டாவாவுக்குப் போனார். வாரியத்தின் பிரெஞ்சு அனிமேஷன் பிரிவை நடத்திய ரெனே ஜோதுவான் என்பவர், விஞ்ஞானிகள் செய்த கருவியை ஓவியர்கள் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவர். அங்கே 1971இல் 'மெட்டாடேட்டா' என்ற சோதனைப் படம் வந்தது. வெறும் கோடுகள், ஒரு உருவம் இன்னொன்றாகிக்கொண்டே போகும். நேர்மையாகச் சொன்னால் அது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கிய பொடியன் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் போல இருக்கிறது. அப்படிச் சுற்றாமல் வண்டி பழக முடியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அவர் மட்டும்தான் முன்னோடி என்று எண்ண வேண்டாம். ஜோன் விட்னி, உலகப் போரில் விமானத்தைக் குறிபார்க்க வைத்திருந்த பழைய இயந்திரங்களைப் பிரித்து அசையும் வடிவங்கள் செய்தார். ஒஹாயோவில் சார்ல்ஸ் சூரி 1967இல் ஒரு ஓசனிச்சிட்டைக் கொம்பியூட்டரில் பறக்கவிட்டார். பெல் ஆய்வுகூடத்தில் லிலியன் ஷ்வார்ட்ஸ் 1970களின் தொடக்கத்தில் செய்த படங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் தம்பி கேட்ட கேள்வி நடுவைப் பற்றியது, நடுவைப் பிடித்து முழுக் கதை சொன்னவர் ஃபோல்டெஸ்.

இப்போது அந்த நடுவில் இருக்கிற கோளாறுக்கு வருவோம், ஏனென்றால் கோளாறு விளங்காமல் அவர் செய்தது விளங்காது.

கடைச் சுவரில் ஒரு மணிக்கூடு இருக்கிறது. பெரிய முள் 12இல் நிற்கிற படத்தையும், 6இல் நிற்கிற படத்தையும் கொம்பியூட்டரிடம் கொடுங்கள். முள்ளின் நுனி நடுவிலிருந்து 10 மேலே இருந்தது, இப்போது 10 கீழே. நூல் கட்டுவது போல நேராகக் கட்டினால் பாதி வழியில் நுனி எங்கே இருக்கும்? பூச்சியத்தில். முள்ளே இருக்காது! முள் சுற்றிவர வேண்டியது, அது குறுகிக் குறுகி மறைந்து, பிறகு கீழ்ப்பக்கமாக முளைத்து வரும். ஏனென்றால் முள் சுற்றும் என்று நீங்களும் நானும் அறிவோம், எண்கள் அதை அறியாது.

தம்பிக்கு இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. செய்து பார் என்று விட்டுவிட்டேன். அவன் மணிக்கூட்டை எடுக்கவில்லை. அவனுடைய அப்பா வாவியில் வீச்சுவலை போடுகிறவர், அதனால் அவன் வலையைத்தான் வரைந்தான். முதல் படத்தில் அப்பா தோணியில் நிற்கிறார், வலை மடிப்பு மடிப்பாகக் கையிலும் தோளிலும் கிடக்கிறது. இரண்டாவது படத்தில் வலை வட்டமாக விரிந்து தண்ணீருக்கு மேலே. நடுவில் பத்துப் படம் போடச் சொன்னான். ஓடவிட்டதும் நானே சிரித்துவிட்டேன். வலை அப்பாவின் கையை விட்டுப் போகவே இல்லை, அங்கேயே கிடந்து வயிறு வீங்கி, ஊதி, பேத்தை மீன் மாதிரி உருண்டையாகி, பிறகு வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீருக்கு மேல் தட்டையானது.

"இல்லண்ணா, வலை கைய விட்டுப் போகக்குள்ள கிறுகித்தான் போகும்" என்றான் தம்பி. எழும்பி நின்று, இடுப்பை ஒரு பக்கம் முறுக்கி, இல்லாத வலையை எறிந்து காட்டினான். மேசையிலிருந்த தேத்தண்ணி கவிழ்ந்தது. அவன் சொன்னது சரி. உடம்பு முறுகும், கை பின்னால் போய் ஒரு நொடி தயங்கும், பிறகு சடாரென்று விசை எடுக்கும், வலை சுழன்றுகொண்டே விரியும், ஈயக் குண்டுகள் வெளிப்பக்கம் இழுக்கும். இதெல்லாம் அந்த இரண்டு படத்திலும் இல்லை. பின்னாளில் பிக்ஸாரைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கட்முல், 1978இலேயே இந்தச் சிக்கலை ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார்: ஓவியம் என்பது தட்டை, அதற்குப் பின்னால் இருக்கிற பொருள் எது, எது எதை மறைக்கிறது என்பதெல்லாம் வரைகிறவனின் தலைக்குள் இருக்கிறது, கோட்டில் இல்லை. உதவியாளர் மனிதராக இருந்தபோது அவருக்கும் தலை இருந்தது, அதனால் இந்தப் பிரச்சினை கண்ணில் படவில்லை. கையாள் நூலை மட்டும் பார்க்கவில்லை, சுவரையும் பார்த்துத்தான் கல் வைத்தான் என்பது அவனை வேலையை விட்டு நிறுத்திய பிறகுதான் தெரிகிறது.

ஃபோல்டெஸ் இந்தக் கோளாறோடு மல்லுக்கட்டவில்லை. கொம்பியூட்டருக்கு இயல்பாக வருவது என்ன? வீங்குவது, ஊதுவது, சுருங்குவது, ஒன்று இன்னொன்றாக உருகிப் போவது. சரி, உடம்பு வீங்குவதையே கதையாக எடுத்தால்? அப்படித்தான் 1974இல் 'ஹங்கர்' வந்தது. பசி என்று அர்த்தம். 11 நிமிடம், பேச்சு இல்லை. ஒரு மெலிந்த மனிதன் சாப்பிட உட்காருகிறான், முதலில் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறான். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு நிறுத்த முடியவில்லை. உடம்பு பெருக்கிறது, வாய்கள் கூடுகின்றன, அவனே ஒரு தின்னும் இயந்திரமாகிறான். கடைசியில் அவன் படுத்துக் கிடக்க, இருட்டிலிருந்து எலும்பும் தோலுமாகப் பட்டினி மனிதர்கள் வந்து அவனையே தின்கிறார்கள்.

வேறு எந்தப் படத்திலும் "நடுப்படம் இயற்கையாக இல்லையே" என்று குறை சொல்லலாம். இதில் சொல்ல முடியாது. தின்று தின்று மனிதன் மனிதனாக இல்லாமல் போகிறான் என்பதுதானே கதை, அப்போது பாதி மனிதன் பாதி வேறேதோ என்ற அந்த நடுவுதான் படத்தின் உயிர். என் தம்பிக்கு வலை ஊதியது பிழை, ஃபோல்டெஸுக்கு வயிறு ஊதியது கதை.

கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான நடுவர் பரிசு கிடைத்தது. ஒஸ்காருக்கும் போட்டியில் நின்றது, கொம்பியூட்டரால் செய்த படம் ஒன்று அங்கே போய் நின்றது அதுதான் முதல் தடவை. பரிசு கிடைக்கவில்லை. யார் வென்றது தெரியுமா? களிமண் உருவங்களைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் செய்த படம். அந்த நடுவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அம்மம்மாவுக்கு ஒருநாள் 'ஹங்கர்' போட்டுக் காட்டினேன், கனடா வாரியத்தின் இணையத்தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. கொம்பியூட்டர் கிம்பியூட்டர் என்று அவருக்குக் கவலையில்லை. எந்த வருடம் எடுத்தது என்று கேட்டார். 1974 என்றேன். "அந்த வருசம் நாங்க பாணுக்கு விடியச்சாமத்துல வரிசையில நிண்டம்" என்றார். மரவள்ளிக்கிழங்கு காலம். ஃபோல்டெஸுக்கு மட்டக்களப்பு என்று ஒரு ஊர் இருப்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் ஒரு பக்கம் தின்று வீங்குகிறவனையும் மறுபக்கம் பட்டினியையும் ஒரே கோட்டால் இணைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி மீதியை வேகமாகச் சொல்லி முடிக்கிறேன். நேர் நூல் கோளாறுக்குப் பிறகு மருந்துகள் வந்தன. ஒன்று வேகத்தை மாற்றுவது. தோணியை 20, 30, 40, 50, 60 என்று சம அளவில் தள்ளாமல், 20, 22.5, 30, 42.5, 60 என்று தள்ளினால், தயங்கித் தொடங்கி வேகம் எடுப்பது போலத் தெரியும். அதே ஐந்து படங்கள், இடைவெளிதான் வேறு. உங்கள் அப்பில் வளைகோடு ஒன்றை இழுக்கிற வசதி இருந்தால் அது இதுதான். அதைத் தொடாமல் விடுகிறவர்களின் அழைப்பிதழ் வீடியோவைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன், பெயர்கள் லிஃப்டில் ஏறுவது போல ஏறும்.

மற்றது எலும்புக்கூடு. அம்பாறைப் பக்க வயல்களில் வெருளி கட்டுகிறவர்கள் முதலில் இரண்டு கம்பைக் குறுக்கே கட்டிவிட்டுப் பிறகுதான் சட்டை போடுவார்கள். கம்பைச் சாய்த்தால் சட்டையும் சாயும். பர்ட்னிக்கும் வைனும் 1976இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொல்கிறது: ஓவியத்துக்குள் ஒரு குச்சி உருவத்தை வை, குச்சியை மட்டும் அசை, ஓவியம் அதன் பின்னால் வரும். கை குறுகாது, சுழலும். இன்றைய கார்ட்டூன் பாத்திரங்களுக்குள் இருக்கிற எலும்புகளுக்கு அது ஒரு மூத்த தலைமுறை. 1997இல் ஒஸ்கார் அக்கடமி இருவருக்கும் தொழில்நுட்ப விருது கொடுத்தது. ஃபோல்டெஸ் அதைப் பார்க்க இருக்கவில்லை, 1977லேயே போய்விட்டார்.

தம்பிக்கு எலும்பு வைக்கிற முறையைக் காட்டிக் கொடுத்தேன். வலைக்கு எலும்பு வைப்பது பெரிய தலையிடி, அதற்குக் கூடுதலாக ஆறேழு கீஃப்ரேம் வரைவதே சுகம் என்றும் சொன்னேன். இரண்டு நாள் அப்பாவை வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைந்தான். வலை இப்போது கிறுகிக்கொண்டு போகிறது, பிழை சொல்ல ஏலாது. ஆனால் பழைய ஃபைலை அழிக்கச் சொன்னால் அழிக்கவில்லை. நேற்று அதைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தான். வலை ஊதி உருண்டையாகிற அந்த ஐந்தாவது படத்தை நிறுத்தி, அதிலேயே இரண்டு கண்ணும், ஒரு சின்ன வாயும், சுற்றிவர முள்ளும் வரைந்துகொண்டிருந்தான். அப்பாவின் தோளில் ஒரு பேத்தை மீன் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.